குணலட்சுமியின் கண் திறந்த படம்

எங்கள் உடுவில் ஒழுங்கையில் குணலட்சுமியைத் தெரியாதவர் இல்லை. ஆனால் அவள் கண் திறந்திருக்கிற படம் ஒன்றை ஒருவரும் கண்டதில்லை. என் தாயும் அவள் தாயும் கூடப்பிறந்தவர்கள். அவள் என்னிலும் இளையவள். எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலிதான். அதில் ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு பொட்டு இருக்கிறது. அதனால் அந்த வீட்டில் நடக்கிற முக்கால்வாசி எனக்குத் தெரியும், மிச்சத்தை அவளே வந்து சொல்லிவிடுவாள்.

கலியாணப் படத்தில் அவள் புருசன் சோமசேகரம் முழியைப் பிதுக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் இவள் கூறைச்சேலையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறாள். மகன் சிவதர்ஷனுக்குக் கோவிலில் ஏடு தொடக்கின படத்தில் ஐயர் பார்க்கிறார், பிள்ளை பார்க்கிறான், பின்னால் நிற்கிற யாரோ ஒருவர்கூடப் பார்க்கிறார், தாய்க்காரி மட்டும் பார்க்கவில்லை. என் மூத்த மகள் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்திய வீட்டு அல்பத்தில் ஐந்தாறு இடத்தில் இருக்கிறாள். எல்லாவற்றிலும் நித்திரை கொள்கிற ஆள் மாதிரித்தான். அடையாள அட்டைக்கு ஸ்ரூடியோக்காரன், "இமைக்காதையுங்கோ அம்மா, இமைக்காதையுங்கோ" என்று சொல்லிச் சொல்லி எடுத்தான். அதில் கண் திறந்துதான் இருந்தது. ஆனால் பேயைக் கண்டவளின் முகம். அந்த அட்டையை அவள் ஒருவருக்கும் காட்டுவதில்லை. அதைக் கணக்கில் சேர்க்கவும் விடமாட்டாள்.

அவளுக்கு வெயில் கூசும். சின்ன வயதிலேயே அப்படித்தான். பள்ளிக்கூடம் போகும்போது ஒரு கையை நெற்றியில் வைத்துக்கொண்டுதான் போவாள். பொடியள் 'கண்மூடி' என்று பட்டம் வைத்தார்கள். அவள் தமக்கை தவமணிக்கும் அதே கூச்சம். அந்தத் தவமணியின் செத்தவீட்டில்தான் இந்தக் கதை உண்மையில் தொடங்கியது.

தவமணி சுன்னாகத்தில் வாழ்க்கைப்பட்டவள். யாரும் நினையாத நேரத்தில் போய்ச் சேர்ந்தாள். பிள்ளைகள் வெளிநாட்டில். மரண அறிவித்தல் அடிக்கப் படம் வேண்டும் என்று அங்கிருந்து தேடினார்கள். அடையாள அட்டைப் படம் மங்கி அழிந்திருந்தது, எங்கே தேடியும் ஒரு கலியாண வீட்டில் ஆட்களோடு ஆட்களாக நின்ற படம் ஒன்றுதான் கிடைத்தது. அதில் தலையை மட்டும் வெட்டி எடுத்துப் பெருப்பித்து அடித்தார்கள். சந்தியில், லைற் கம்பத்தில், கோவில் மதிலில் எல்லாம் ஒட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்பிள்ளை மற்றவளிடம், "சீ, செத்தாப்பிறகு எடுத்த படத்தைப் போட்டிருக்கினம்" என்றாள். குணலட்சுமி பக்கத்தில் நின்று அதைக் கேட்டாள்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. முப்பத்தோராம் நாள் வீட்டில் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தை எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்போம். அதில் முதல் பக்கத்தில் செத்தவரின் படம் பெரிதாக வரும். அச்சடித்தவர்கள் நல்லது செய்வதாக நினைத்துக் கொம்பியூட்டரில் தவமணியின் கண்ணைத் திறந்துவிட்டார்கள். வேறு யாருடையதோ இரண்டு கண்ணை எடுத்து ஒட்டிவிட்டார்கள். கன்னங்கரேல் என்ற கண். அது ஒரு இளம்பெட்டையின் கண்ணாக இருக்க வேண்டும். தவமணியின் முகத்தில் இருந்துகொண்டு அது வேறு எங்கேயோ பார்த்தது.

குணலட்சுமி அந்தப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு அந்தக் கண்ணை விரலால் மறைத்துப் பார்த்தாள்.

"எங்கடை அக்கா ஆரின்ரை கண்ணாலை பாத்துக்கொண்டு போறா?" என்று என்னைக் கேட்டாள்.



இரண்டு வருசம் போனது. இந்த முறை ஆவணியில் இவளுக்கு வயிற்றுக்குத்து வந்து, பித்தப்பையில் கல்லு என்று சொன்னார்கள். ஐப்பசி பிறந்த கையோடு ஒப்பரேசன் என்று பெரியாஸ்பத்திரியில் திகதி கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து கால் கழுவிப்போட்டு முதல் சொன்ன கதை இதுதான்.

"இஞ்சருங்கோ. நான் போறதுக்கு முன்னம் எனக்கு ஒரு படம் வேணும். கண் திறந்த படம்."

சோமசேகரம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நின்றார். "என்னத்துக்கு? ஆஸ்பத்திரியிலை கேட்டவையே?"

"ஆஸ்பத்திரியிலை ஏன் கேக்கினம். எனக்கு ஒண்டு நடந்தால் நீங்கள் என்னத்தைக் குடுப்பியள்? அக்காவுக்குச் செய்த மாதிரி எனக்கும் ஆரின்ரையோ கண்ணை ஒட்டுவாங்கள்."

"உந்த ஒப்பரேசனுக்கு ஒருத்தரும் சாகிறேல்லை. இப்ப ஓட்டை போட்டல்லோ எடுக்கினம்."

"சாகிறன் எண்டு நான் சொன்னனானே? படம் எண்டுதானே கேட்டனான்."

இப்படித்தான் அவள். சாவைப் பற்றிக் கதைக்கும்போது முகத்தில் ஒரு மாற்றமும் இராது. செத்தவீட்டுக்கு எந்தச் சீலை உடுத்துவது என்று கேட்கிற குரல்தான். ஆனால் படக் கதை வந்தபோது மட்டும் அவள் குரல் ஒரு படி ஏறியதை நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

போன் ஒன்று வீட்டில் இருந்தது. மகன் சிவதர்ஷன் பிரான்சில் இருந்து அனுப்பினது. நல்ல போன் என்றான். அதைச் சோமசேகரம்தான் வைத்திருந்தார். தோட்டத்தில் வெங்காயம் எப்படி நிற்கிறது, கிணற்றில் தண்ணீர் எவ்வளவு கிடக்கிறது என்று மகனுக்குப் படம் எடுத்து அனுப்புவார். ஆட்களை எடுத்துப் பழக்கமில்லை.

அடுத்தநாள் காலை அவள் முழுகி, நீலச் சீலை கட்டி, முற்றத்தில் வந்து நின்றாள். புரட்டாசி வெயில். செம்மண் தரை பழுத்துக்கொண்டு கிடந்தது. அவர் போனை நீட்டினார். அவள் கண் மூடியது. மற்றப் பக்கம் திருப்பி நிறுத்தினார். இப்போது வெயில் முதுகில். கண் பாதி திறந்தது. ஆனால் படத்தில் முகம் சட்டி அடி மாதிரிக் கறுத்து வந்தது.

"ஆர் இது?" என்றாள்.

"நீதான்."

"நானெண்டு எனக்கே தெரியேல்லை. சனத்துக்கு என்னெண்டு தெரியும்?"

வீட்டுக்குள் எடுத்தார்கள். எங்கள் பக்கத்து வீடுகள் வெயிலுக்குப் பயந்து கட்டினவை. உள்ளே பகலிலும் இருட்டுத்தான். போன் தன் பாட்டில் லைற்றை அடித்தது. மின்னலுக்கு மூடுகிற மாதிரி அவள் மூடினாள். பிறகு கிணற்றடி மாமரத்துக்குக் கீழே கதிரை போட்டு இருத்தினார். நான் பொட்டுக்குள்ளால் போய் அங்கே நின்றேன். இலைக்குள்ளால் வெயில் ஒழுகி அவள் முகத்தில் பொட்டுப் பொட்டாய் விழுந்தது. ஒரு பொட்டு சரியாக இடக் கண்ணில். அந்தக் கண்ணை மூடி மற்றதைத் திறந்துகொண்டு அவள் இருந்த இருப்பைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அக்கா, நீங்கள் சிரிக்கிறதெண்டால் அங்காலை போய் நிண்டு சிரியுங்கோ."

"இல்லையடி, நீ கண்ணடிக்கிற மாதிரிக் கிடக்குது. அதைத்தான் பாத்தன்."

"செத்தவீட்டு நோட்டீசிலை கண்ணடிச்சால் நல்லாத்தான் இருக்கும்" என்றார் சோமசேகரம். அன்றைக்கு அவருக்குப் பின்னேரத் தேத்தண்ணி கிடைக்கவில்லை.

அதன் பிறகு ஒரு கிழமையாகப் படக் கதையே இல்லை. அவள் வாயைத் திறக்கவில்லை. அவர் போனைத் தூக்கவில்லை. ஒரு நாள் பின்னேரம் முற்றத்தில் பாய் விரித்துச் செத்தல் மிளகாய் காயப் போட்டிருந்தார்கள். அந்த மிளகாயை மகனுக்குக் காட்டவென்று அவர் ஒரு படம் எடுத்தார். எடுத்துப்போட்டுப் பார்த்தவர் படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பிறகு வேலிப் பக்கம் பார்த்து, "மச்சாள், ஒருக்கா வாங்கோ" என்று என்னைக் கூப்பிட்டார்.

படத்தில் மிளகாய் நிரம்ப இருந்தது. அந்தச் சிவப்பை நான் நேரில்கூட அப்படிக் காணவில்லை. ஒவ்வொரு மிளகாயும் வேறு வேறு சிவப்பு. ஒரு மூலையில் குணலட்சுமி குனிந்து பாயின் விளிம்பைச் சரிப்படுத்திக்கொண்டு நின்றாள். முகம் தெளிவாக இருந்தது. கண் முழுக்க இல்லை, ஆனால் திறந்திருந்தது.

"இதிலை என்ன வித்தியாசம், சொல்லுங்கோ பாப்பம்" என்றார்.

நான் படத்தைப் பார்த்தேன், முற்றத்தைப் பார்த்தேன். முற்றத்தில் இப்போது வெயில் எறித்தது, வேலியின் நிழல் கறுப்பாக விழுந்து கிடந்தது. படத்தில் நிழலே இல்லை. பாய்க்கு நிழல் இல்லை, அவளுக்கு நிழல் இல்லை.

"முகில் வந்து மறைச்சிருக்குது" என்றேன்.

"ஓம். நான் எடுக்கேக்கை ஒருக்கா மறைச்சது. பேந்து விலகிப் போட்டுது."

குணலட்சுமி வந்து போனை வாங்கி அந்த மூலையை விரலால் இழுத்துப் பெருப்பித்துப் பார்த்தாள். தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்த்தாள். நீலமாக, ஒரு முகிலும் இல்லாமல் கிடந்தது.

அன்றைக்குத் தொடங்கினது இந்த இரண்டு பேருக்கும் ஒரு புதுப் பைத்தியம். வெங்காயக்காரன் மழையைப் பார்க்கிறது வேறு. இது வேறு மாதிரியான பார்வை. காலையில் எழும்பினால் முதல் வானம். மழை வேண்டாம், வெயில் வேண்டாம், இரண்டுக்கும் இடையில் ஒரு மப்பு வேண்டும். புரட்டாசியில் அது அத்தனை இலேசில் வருமா? ஒரு முகில் துண்டு வரும், அவர் தோட்டத்தில் இருந்து ஓடி வருவார், அவள் குசினியில் இருந்து ஓடி வருவாள், அவள் தலையைத் தடவிச் சரிசெய்து முடிக்கக் காற்று முகிலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். ஒழுங்கையால் போன சனம், "என்ன சோமண்ணை, பிளேன் வருகுதோ?" என்று கேட்டது.

"இல்லை, மந்தாரம் வருகுதோ எண்டு பாக்கிறன்."

"வெங்காயத்துக்கோ?"

"மனிசிக்கு."

கடைசியில் ஒரு நாள் விடியவே வானம் மூடிக் கிடந்தது. எங்களுக்கெல்லாம் சோம்பல். அவர்களுக்குத் தீபாவளி. இந்த முறை அவர் அவளைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் வரம்பில் நிறுத்தினார். பின்னால் பெரிய வெளி, அதற்கு மேல் வானம். கண் திறந்துதான் நின்றாள். எல்லோருக்கும் சந்தோசம். படத்தைப் பார்த்தால் வானம் வெள்ளைக் கடதாசி மாதிரி வெறுமையாக வந்திருந்தது. அதற்கு முன்னால் இவள் மங்கிக் கறுத்துப் போய் நின்றாள்.

"வெயிலும் இல்லை, பேந்து ஏன் கறுக்குது?" என்றாள்.

சோமசேகரம் பள்ளிக்கூடம் கனக்கப் போனவர் அல்ல. நானும் அல்ல. நாங்கள் மூன்று பேரும் அந்த வரம்பில் நின்று ஒரு போனை வைத்துக்கொண்டு யோசித்ததை யாராவது கண்டிருந்தால் சிரித்திருப்பார்கள். அவர் போனை வானத்துக்குக் கொஞ்சம் உயர்த்தினார், திரையில் தோட்டம் இருண்டது. தரைப் பக்கம் பதித்தார், தோட்டம் வெளித்தது. திரும்பவும் உயர்த்தினார், இருண்டது. திரும்பவும் பதித்தார்.

"இது வானத்தைக் கண்டு மயங்குது" என்றார். "வானம் வெளிச்சமாய்க் கிடக்குது எண்டு மிச்சம் எல்லாத்தையும் குறைக்குது."

"அப்ப வானத்தைக் காட்டாதையுங்கோவன்" என்றாள் அவள்.

அவ்வளவுதான். வானத்தை விட்டார்கள். கிணற்றடிக்குத் திரும்பி வந்து, பனையோலை வேலிக்கு முன்னால் நிறுத்தினார். வேலியில் படர்ந்திருந்த முசுட்டைக் கொடி பின்னால் பச்சையாக நின்றது. திரையில் அவள் முகத்தில் விரலை வைத்தால் முகம் வெளிப்பதையும் அன்றைக்குத்தான் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது பிழையாகக் கை பட்டுத்தான். படம் நன்றாக வந்தது. தோல் தன் நிறத்தில் இருந்தது, சீலைக் கரையில் ஓடின நூல்கூடத் தெரிந்தது.

ஆனால் கண் திருத்தமில்லை. திறந்திருந்தது, ஆனால் குழிக்குள் கிடந்தது. புருவத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் நிழல் கட்டி, நாலு நாள் நித்திரை இல்லாதவள் மாதிரி இருந்தாள். வெளிச்சம் முழுக்க உச்சியில் இருந்து இறங்கினால் அப்படித்தானே இருக்கும். தலையைக் கொஞ்சம் நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினாள். மூக்குத் துவாரம் தெரிந்தது.

"உது ஆட்டுக்குப் பல்லுப் பாக்கிற மாதிரிக் கிடக்குது" என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். கோபமில்லை. களைப்பு. ஐப்பசி கிட்ட வந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு பையில் இரவில் போடுகிற சோட்டி, துவாய், சவர்க்காரம் எல்லாம் அடுக்கி வைத்திருந்தாள். பிறகு என்னிடம் வந்து, "அக்கா, அந்த அட்டைப் படத்தையே குடுக்கச் சொல்லுவம் போலை கிடக்குது. பேயைக் கண்ட மாதிரி எண்டாலும் என்ரை கண்தானே" என்றாள். அந்த அட்டையை அவள் தானாகச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதற்கு அடுத்தநாள் பின்னேரம் பெரிய மழைக்குணம். தெற்கே கறுத்துக்கொண்டு வந்தது. எங்கள் தலைக்கு மேல் மட்டும் வெள்ளை மூட்டம். காற்று நின்றுவிட்டது. அவள் அன்று காலை சோமசேகரத்தின் வேட்டிகளைத் தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாள். மழை வரப்போகிறது என்று ஓடி வந்து வேட்டிகளை இழுத்துக் கையில் குவித்தாள். நெஞ்சோடு, நாடிக்குக் கீழே வெள்ளையாக ஒரு பொதி.

சோமசேகரம் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டு நின்றவர் அவளைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். பிறகு போனை எடுத்து, படம் பிடிக்கிற கண்ணாடிப் பொட்டைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு கிட்டப் போனார்.

"இஞ்சேர், அசையாதை."

"மழை வருகுது, உங்களுக்கு விசரே?"

"அசையாதை எண்டுறன். வேட்டியைக் கீழை விடாதை."

"வேட்டி என்னத்துக்கு?"

"பேந்து சொல்லுறன்."

அந்த நேரம் ஒரு துளி அவள் கன்னத்தில் விழுந்தது. அவள் மழை எவ்வளவு கிட்ட என்று பார்க்கக் கண்ணை மேலே உயர்த்தினாள். தலையை அல்ல, கண்ணை மட்டும். அவர் எடுத்தார். பிறகு மழை கொட்டியது. மூன்று பேரும் தாழ்வாரத்துக்குள் ஓடினோம்.

ஈரக் கையோடு போனைத் திறந்தார். அந்தப் படத்தை நான் முதல் பார்த்தபோது யார் என்று ஒரு கணம் தெரியவில்லை. குழி இல்லை, நிழல் இல்லை. கையில் இருந்த வேட்டி கீழே இருந்து முகத்துக்கு ஒரு வெளிச்சத்தைக் கொடுத்திருந்தது, பால் வெளிச்சம் மாதிரி. இரண்டு கண்ணும் முழுதாகத் திறந்து வானத்தைப் பார்த்தன. அந்தக் கண் கறுப்பு இல்லை. பழுப்பும் இல்லை. தேன். போத்தலில் விட்டுச் சூரியனுக்கு நேரே பிடித்த கொம்புத் தேன்.

குணலட்சுமி போனை வாங்கினாள். பெருப்பித்தாள். இன்னும் பெருப்பித்தாள்.

"இது போன் செய்ததே?"

"இல்லை" என்றார் சோமசேகரம்.

"என்ரை கண் கறுப்பு."

"உன்ரை கண் கறுப்பு எண்டு ஆர் சொன்னது?"

அவள் என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும்? வெளியில் கண்டால் சுருக்கிக்கொண்டு நிற்பாள். உள்ளே கண்டால் இருட்டு. இருட்டில் யாருக்கும் கண் கறுப்புத்தான். இத்தனை வருசம் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் நான் என் தங்கையின் கண் என்ன நிறம் என்று பார்க்கவில்லை. கண்ணாடி பார்க்கிறவளும் அறைக்குள் நின்றுதானே பார்க்கிறாள்.

"உங்களுக்குத் தெரியுமே?" என்று புருசனைக் கேட்டாள்.

"தெரியும்" என்றார்.

"எப்பவிருந்து?"

அவர் மழையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "கலியாணம் முடிச்ச வருசம். மாரிக்கு வெங்காயத்துக்குள்ளை தண்ணி நிண்டதல்லோ, வெட்டி விட்டுக்கொண்டு நிண்டன். நீ தேத்தண்ணி கொண்டு வந்தனீ. அப்ப பாத்தன்."

"பேந்து ஏன் ஒருக்காலும் சொல்லேல்லை?"

அவர் கொஞ்சம் நெளிந்தார். "அடுத்தநாள் பாத்தன், கறுப்பாய்க் கிடந்துது. பேந்து ஒரு மழைக்குப் பாத்தன், திரும்பவும் அந்த நிறம். அப்ப நான் நினைச்சன், உனக்கு மழைக்கு மாறுதாக்கும் எண்டு."

"மழைக்கு மாறுதோ?"

"வேலி ஓந்திக்கு நிறம் மாறுதுதானே. ஒரு மனிசிக்கு ஏன் மாறாது எண்டு நினைச்சன். உனக்குத் தெரிஞ்சு ஒளிச்சு வைச்சிருக்கிறாய் எண்டால், கேட்டால் மனம் நோகுமெண்டு விட்டுட்டன்."

நான் சிரித்தேன். இந்த முறை அவள் என்னைப் போகச் சொல்லவில்லை. அவளும் சிரித்தாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கல்லுக் குத்தக் குத்தச் சிரித்தாள்.

"ஓந்தியோடை எத்தினை வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறியள், பாவம்" என்றாள்.

எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. அவள் தகப்பன் வழியில், தகப்பனின் சின்னம்மா ஒருத்தி வல்வெட்டித்துறையில் வாழ்க்கைப்பட்டு இருந்தாள். அவளைப் பூனைக்கண்ணி என்று ஊரார் சொல்வார்கள் என்று என் தாய் சொல்லக் கேட்டிருக்கிறேன். என் தாய் வழியில் எல்லோருக்கும் கறுப்பு. ஆகவே இது அந்தப் பக்கத்தால் வந்த கண். நான் அதைச் சொன்னதும் அவள் சிரிப்பு நின்றது.

"அப்ப அக்காவுக்கும் இதுதானோ?"

ஒருவருக்கும் தெரியவில்லை. தவமணியின் புருசன் அவளுக்கு முன்னமே போய்விட்டார். பிள்ளைகளிடம் போன் எடுத்துக் கேட்டாள். ஒருத்தி கறுப்பு என்றாள், மற்றவன் "கண் கண் நிறம்தான் சின்னம்மா" என்றான். இருந்த ஒரே படத்திலும் மூடியிருந்தது, புத்தகத்தில் இருந்ததோ இரவல் கண். மழை விட்ட பிறகும் அவள் தாழ்வாரத்தில் அந்த யோசனையோடுதான் இருந்தாள்.

படத்தை மகனுக்கு அனுப்பினார்கள். சிவதர்ஷன் உடனே வட்சப்பில் கூப்பிட்டான்.

"அப்பா, ஆர் உது? வேட்டியோடை நிக்கிறது?"

"கொம்மாவடா."

"வடிவாய்த்தான் கிடக்குது" என்றான். "ஆனால் அம்மா மாதிரி இல்லை."

அந்தச் சொல் அவளுக்குள் போய் இருந்துவிட்டது. இரண்டு நாள் அதையே உருட்டினாள். கண் திறந்த படம் வேண்டும் என்றுதானே இத்தனை பாடும். கிடைத்தது. கிடைத்த படத்தில் இருப்பவளைப் பெற்ற மகனுக்கே தெரியவில்லை. சந்தியில் ஒட்டினால் சனம் பார்த்து, யாரோ ஊருக்கு வந்த வெளிநாட்டு மனிசி செத்துப்போனாள் என்று வாழைக்குலை கட்டின செத்தவீட்டைத் தாண்டிப் போய்விடும். இது நான் சொன்னதல்ல, அவள் சொன்னது.

ஆஸ்பத்திரிக்குப் போகிற காலை ஓட்டோ படலைக்கு வந்து நின்றது. நான் சுடுதண்ணிப் போத்தலைக் கொண்டு போனேன். அவள் வெளிக்கிட்டுக் கதிரையில் இருந்தாள், போன் கையில்.

"இஞ்சருங்கோ, நான் ஒரு முடிவு எடுத்திட்டன். வடிவாய்க் கேளுங்கோ. எனக்கு ஏதும் எண்டால் கல்வெட்டுக்கு இந்தப் படம். வேட்டியை வெட்டக்கூடாது. வெட்டினால் அந்த வெளிச்சம் எங்கையிருந்து வந்தது எண்டு சனத்துக்கு விளங்காது. சொந்தக்காரர் எடுத்து வாசிக்கேக்கை பாக்கட்டும், இதுதான் அவளின்ரை கண் எண்டு. பின்னுக்கு வாற பிள்ளையளுக்கு இந்தக் கண் பிறந்தாலும் எங்கையாலை வந்தது எண்டு தெரியவேணும். அக்காவுக்கு இல்லாமல் போனமாதிரிப் போகக்கூடாது."

"ஓம்."

"கம்பத்திலை ஒட்டுறதுக்கு இது வேண்டாம். அதுக்குக் கண் மூடினது. அதைக் கண்டால்தான் ஊருக்கு நான் எண்டு தெரியும்."

சோமசேகரம் கொஞ்சம் யோசித்தார். "கண் மூடினது எண்டால் எது?"

"எதெண்டாலென்ன?"

"கனக்கக் கிடக்குதல்லோ. கலியாணப் படமோ?"

"விசரே, அதிலை எனக்கு இருவத்தொரு வயது."

"ஏடு தொடக்கினது?"

"அதிலை முகம் தடிச்சிருக்குது. சாமத்திய வீட்டுப் படத்திலை ஒண்டு, மாம்பழக் கலர் சீலையோடை, அது பரவாயில்லை."

"அதிலை வாய் திறந்தெல்லோ கிடக்குது" என்றேன் நான். "பலகாரம் தின்னேக்கை எடுத்தது."

"அப்ப மற்றது. ஆலாத்தித் தட்டுக்குப் பக்கத்திலை நிக்கிறது."

"அதிலை பாதித் தலையை மச்சாளின்ரை கொண்டை மறைக்குது" என்றார் அவர்.

ஓட்டோக்காரப் பொடியன் ஒருக்கா ஹோன் அடித்தான். நாங்கள் கேட்கவில்லை. நான் போய் என் அலுமாரியில் இருந்த அல்பத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். வெயில் ஏறிவிட்டது, முற்றத்தில் வைத்துப் பார்க்கக் கூசுது என்று அவள் உள்ளே போனாள். உள்ளே இருட்டு என்று திரும்பி வந்து வாசற்படியில் இருந்தாள். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினோம். கண் மூடின படத்துக்கு அந்த வீட்டில் குறைவே இல்லை. ஆனால் ஒன்றில் நாடி சரியில்லை, ஒன்றில் சீலை சரியில்லை, ஒன்றில் பக்கத்தில் நின்றவளோடு அப்போது கதை பேச்சு இல்லை. இரண்டாம் முறை ஹோன் அடித்தபோது அவள் எழும்பினாள்.

"நான் வந்து சொல்லுறன். அதுக்கிடையிலை நீங்கள் ஒண்டையும் எடுத்துக் குடுத்திடாதையுங்கோ" என்று புருசனிடம் சொல்லிவிட்டு, கையை நெற்றியில் வைத்துக்கொண்டு ஓட்டோவில் ஏறினாள்.

கல்லை எடுத்துவிட்டார்கள். நாலாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். அந்த மூடின கண்ணுக்குரிய படத்தை இன்னும் தெரிந்தெடுக்கவில்லை. நேற்றும் அல்பத்தை வாங்கிக்கொண்டு போனாள்.